ஏறாத முதல் படகு

என் அக்காவின் கணவர் அன்று விடியற்காலை கடலுக்குப் போனார் என்று அக்கா சொன்னாள். போகவில்லை என்று நான் பார்த்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் சொன்னது. ஊர் கம்ப்யூட்டரை நம்பியது.

விஷயம் இவ்வளவுதான். ஆனால் அந்தக் கார்த்திகை முழுக்க இதை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை.

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல் மேட்டில் எங்கள் ஊர். பாலத்தைத் தாண்டி டவுனுக்கு வந்தால் மீன் மார்க்கெட் பக்கத்தில் ஒரு மாடி அறை. கடலோர ஊர்கள் சேர்ந்து வைத்திருக்கும் சங்கத்தின் ஆபீஸ் அது. கம்ப்யூட்டர் படித்தவள் என்று அந்தச் சங்கத்தில் இருப்பவள் நான் ஒருத்தி. படகு போக்குவரத்தைப் பதிவு செய்யும் மென்பொருளைச் சென்னையில் ஒரு கம்பெனி செய்து கொடுத்தது. அது நின்றால் தட்டி எழுப்புவதும், நிற்காதபோது நிற்காமல் பார்த்துக்கொள்வதும் என் வேலை.

ஒவ்வொரு கரையிலும் ஒரு பெண் கையில் போனோடு நிற்பாள். படகு இறங்கும்போது அதன் பெயர், எத்தனை பேர், எத்தனையாவது படகு என்று பதிந்து அனுப்புவாள். திரும்பி வந்ததும் இன்னொரு முறை தொடுவாள். எல்லாம் சென்னையில் இருக்கும் சர்வருக்குப் போய், ஒரு தேடுபொறிக்குள் உட்காரும். நான் திரையில் "வெளியே" என்று தட்டினால் அன்றைக்குப் போய் இன்னும் கரை சேராத படகுகளை அது அள்ளிக் கொட்டும். மேலே ஒரு எண் இருக்கும். காற்று கிளம்பிவிட்டால் ஊரே பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

எங்கள் கரையில் போன் வைத்திருந்தவள் அக்கா.

அன்று வாடைக்காற்று சொல்லாமல் கொள்ளாமல் திரும்பியது. காலையில் கண்ணாடியாகக் கிடந்த கடல் பத்து மணிக்கெல்லாம் கறுத்துவிட்டது. படகுகள் ஒவ்வொன்றாக அடித்துப் பிடித்துக்கொண்டு வந்தன. சங்கச் செயலாளர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்று எண் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது பூஜ்யத்துக்கு வந்ததும், "அப்பாடா, எல்லாம் வந்துட்டாங்க" என்று சொல்லி, மீட்புப் படகுக்காரர்களுக்கு போன் போட்டு வரவேண்டாம் என்றார். எனக்கும் நிம்மதியாக இருந்தது. டீ சொன்னேன்.

டீ வருவதற்குள் அக்காவின் போன் வந்தது.

"மாமா இன்னும் வரலடி. எல்லாரும் வந்துட்டாங்க. இவரு மட்டும் வரல."

நான் அவர் படகின் பெயரைத் தட்டினேன். அன்றைய தேதியில் ஒன்றும் இல்லை. மறுபடி தட்டினேன். எங்கள் கரையிலிருந்து போன மற்ற படகுகள் எல்லாம் இருந்தன, போன நேரம், வந்த நேரத்தோடு. மாமாவின் படகு மட்டும் இல்லை.

"அக்கா, மாமா இன்னிக்குப் போனதாவே பதிவு இல்லியே."

"இன்னாடி பேசுற? நான்தானே பதிஞ்சேன்? பச்ச டிக்கு வந்துச்சி. என் கண்ணால பாத்தேன்."

செயலாளர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "பதட்டத்துல எதையோ மாத்திச் சொல்லுது. அவன் கடலுக்கே போயிருக்க மாட்டான்" என்றார். அந்தக் காற்றில், போகாத ஒருவனைத் தேடப் படகு இறக்க யாரும் துணியவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த நாள் காற்று தணிந்ததும், அக்காவின் அழுகையைப் பார்க்கச் சகிக்காமல் சொந்தக்காரர்கள் நாலு பேர் போனார்கள். முகத்துவாரத்திலிருந்து காட்டுப்பள்ளிப் பக்கம் வரைக்கும் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று திரும்பி வந்தார்கள்.

மாமா தனி ஆள் போகும் சின்ன பைபர் தெப்பம் வைத்திருந்தார். மற்றவர்கள் டீக்கடையில் கூடும் முன்னே இருட்டோடு இறங்கிவிடுவார். அதனால் அன்று அவர் போனதைப் பார்த்தவள் அக்கா ஒருத்திதான். போதாக்குறைக்கு, அவருக்கு ஒரு பழைய கதை வேறு இருந்தது. கல்யாணமான புதிதில் அக்காவோடு சண்டை போட்டுக்கொண்டு, தெப்பத்தை ஏரி வழியாகவே தள்ளிக்கொண்டு ஆந்திராப் பக்கம் உறவுக்காரர் வீட்டுக்குப் போய், இறால் பண்ணையில் வேலை பார்த்துவிட்டு, ஒரு நாள் ஒன்றும் நடக்காதவர் போலத் திரும்பி வந்தவர் அவர். ஊருக்கு அது போதாதா? "வடக்கால போயிட்டான்" என்று பேச்சு கிளம்பியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

"ஓடிப் போறவன் போனை வீட்ல வச்சிட்டா போவான்?" என்று அக்கா கேட்டாள்.

"தேடி வரக் கூடாதுன்னுதான் வச்சிட்டுப் போயிருப்பான்" என்றார்கள். எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தார்கள். கடைசியில் எல்லாரும் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். கம்ப்யூட்டரில் இல்லையே.

எங்கள் ஊரில் ஒரு கட்டு உண்டு. கடலில் ஆள் போய்விட்டால் ஊர் ஒரு நாள் கடலை விடும். ஒரு படகும் இறங்காது, ஒரு வலையும் நனையாது. செத்தவனுக்கு ஊர் செய்கிற மரியாதை அது ஒன்றுதான். உடல் கிடைக்காவிட்டால் அந்த ஒரு நாள்தான் அவனுக்குச் சமாதி. ஓடிப்போனவனுக்கு அது கிடையாது. வருகிற அமாவாசை அன்று பஞ்சாயத்து கூடி, மாமா கடலில் போனவரா, பெண்டாட்டியை விட்டுப் போனவரா என்று முடிவு சொல்வதாக இருந்தது. அக்கா வேறு எதையும் கேட்கவில்லை. அந்த ஒரு நாளைக் கேட்டாள்.

"அவரு போனாருன்னு நான் பொய் சொல்றேனாடி? நீயாச்சும் சொல்லு."

என்னால் சொல்ல முடியவில்லை. நான் அக்காவை நம்பினேன். ஆனால் அந்த மெஷினையும் நம்பினேன். இரண்டையும் ஒரே தலைக்குள் வைத்துக்கொண்டு தூங்கப் போவது எப்படிப்பட்ட வேதனை என்று சொன்னால் புரியாது.

அமாவாசைக்கு முந்தைய வாரத்தில் ஒரு நாள் காலை ஆபீஸுக்குப் போனேன். திரையில் எண் பூஜ்யமாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில், நல்ல காற்று. தொழிலுக்கு ஏற்ற நாள். எந்தக் கரையிலும் ஒரு படகும் இறங்காத நாள் அல்ல அது. நேற்றைய தேதியைத் தட்டினால் எல்லாம் ஒழுங்காக வந்தது. இன்றைய தேதியில் ஒன்றுமே இல்லை. கரைக் கரையாக போன் போட்டேன். எல்லாரும், "நாங்க பதிஞ்சிட்டமே, பச்ச டிக்கு வந்துச்சே" என்றார்கள்.

அக்கா அன்று சொன்னதும் இதே வார்த்தைதான்.

கோளாறு என்னவென்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. சர்வரின் டிஸ்க் நிறைந்துவிட்டிருந்தது. இந்தத் தேடுபொறிக்கு ஒரு குணம் உண்டு. இடம் ஏறக்குறைய முடிந்துபோனால் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். தேடினால் காட்டும், எழுதினால் மறுக்கும். வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு எல்லாம் சரியாக நடப்பதுபோலத்தான் இருக்கும். நேற்றோடு நின்றுபோன கடிகாரம் மாதிரி அது பாட்டுக்கு ஒரு எண்ணைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கடலில் நூறு பேர் இருந்தாலும் பூஜ்யம்.

சென்னைக் கம்பெனியில் எனக்கு மேலே ஒரு சார் உண்டு. பழவேற்காட்டை மேப்பில் மட்டும் பார்த்தவர். அவருக்கு போன் போட்டேன்.

"வரவுக் கோப்புனு ஒரு ஃபோல்டர் இருக்கும் பாருங்க. போன்ல இருந்து வர்றது எல்லாம் முதல்ல அதுல அப்படியே விழும், அப்புறம்தான் டேட்டாபேஸுக்கு, அதான் அந்தத் தேடுபொறிக்குப் போகும். ஆரம்பிச்ச நாள்ல இருந்து யாரும் அதைத் தொடல. மொத்தத்தையும் தூக்கிடுங்க, இடம் வந்துடும்."

"தூக்கினா திரும்ப வராதே சார்?"

"எதுக்கு வரணும்? எல்லாம்தான் டேட்டாபேஸ்ல இருக்கே."

எல்லாம்தான் இருக்கிறதா? அவர் அதை எவ்வளவு லேசாகச் சொன்னார்! எனக்கு வந்த கோபத்தில் போனைத் தூக்கி அடித்திருப்பேன், சங்கத்து போன் என்பதால் மெதுவாக வைத்தேன். அந்த ஃபோல்டரைத் தொடவில்லை. அக்கா பதிந்தது அதிலும் இல்லாமல் போனால் என்ற பயத்தில் திறந்து பார்க்கவும் இல்லை. பயிற்சி கொடுத்த நாட்களில் விளையாட்டுக்குப் போட்ட பொய்ப் பதிவுகள், ஒரே படத்தின் நாலைந்து பிரதிகள், யாரும் திறக்காத பழைய அறிக்கைகள் என்று குப்பையாகப் பொறுக்கி எறிந்தேன். ஓரளவு இடம் வந்தது. பூட்டைக் கழற்றினேன். கரைகளிலிருந்து தேங்கிக் கிடந்த பதிவுகள் கடகடவென்று உள்ளே ஏறின. எண் ஏறிக்கொண்டே போனது. அப்போதுதான் மூச்சு வந்தது.

சார் கேட்டார், "ஃபோல்டரைத் தூக்கிட்டீங்களா?"

"சாயங்காலத்துக்குள்ள பாக்கறேன் சார்" என்றேன். பார்க்கிறேன் என்றுதான் சொன்னேன், தூக்குகிறேன் என்று சொல்லவில்லை.

இந்த டிஸ்க் வேலையில் நான் புதிதாக ஒரு பக்கத்தைத் திறந்து வைத்திருந்தேன். தேடுபொறி எத்தனை பதிவுகளை எழுத மறுத்தது என்று அது நாளுக்கு நாள் எண்ணிக்கை காட்டும். யார், எந்தக் கரை, ஏன் என்றெல்லாம் காட்டாது. வெறும் எண். டிஸ்க் பிரச்சினை தீர்ந்ததும் அது பூஜ்யத்தில் நின்றுவிடும் என்று நினைத்தேன். மறுநாள் விடியற்காலை அது ஒன்று என்று காட்டியது. மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் இரண்டு என்றது. அதோடு நின்றது.

அடுத்த நாளும் அப்படியே. விடியலில் ஒன்று, பிறகு இன்னொன்று.

"ஒண்ணு ரெண்டு ஃபெயிலியர் எல்லாம் நாய்ஸ்மா, விடுங்க" என்றார் சார். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதையாக இருந்தது எனக்கு. டிஸ்க் நிறைந்தால் எல்லாமே நிற்கும். நெட்வொர்க் போனால் கண்டபடி நிற்கும். இது அப்படி இல்லை. நாள் தவறாமல், விடியலில் ஒன்று, வெயில் ஏறி ஒன்று. யாரோ ஒருவர் போவதுபோல. பிறகு அந்த ஒருவரே திரும்பி வருவதுபோல.

இந்த நினைப்பு வந்ததும் நான் பின்னோக்கிப் பார்க்க ஆரம்பித்தேன். ஐப்பசி தொடக்கம் வரை மறுப்பே இல்லை. எத்தனையாவது படகு என்றும் கேட்கும் புது வடிவம் போன் செயலியில் வந்த நாளிலிருந்துதான் தொடங்கியிருந்தது. தொழிலுக்குப் போகாத நாட்களில் பூஜ்யம். டிஸ்க் நிறைந்த நாளை விட்டால், மற்ற நாட்களில் எல்லாம் இரண்டு. இரண்டு, இரண்டு, இரண்டு என்று விரலை வைத்துக்கொண்டே வந்தேன்.

காற்று அடித்த அந்த நாளில் ஒன்று.

கீழே மார்க்கெட்டில் யாரோ இறால் விலைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நான் அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஏதோ ஒன்று அன்று விடியலில் போயிருந்தது. அது திரும்பி வரவில்லை.

வரவுக் கோப்பைத் திறந்தேன். அந்த நாளுக்கு உரியதை எடுத்து, டேட்டாபேஸில் இருக்கும் அதே நாளோடு வரிக்கு வரி ஒப்பிடச் சொன்னேன். எல்லாம் ஒத்துப்போனது, ஒரே ஒரு வரியைத் தவிர. எங்கள் கரை. மாமாவின் தெப்பம். ஆள் ஒன்று. எத்தனையாவது படகு என்ற இடத்தில் அக்கா பதிந்திருந்தாள்: லாபம்.

எங்கள் கரையில் முதல் எண்ணை யாரும் ஒன்று என்று சொல்லமாட்டோம், ஒற்றை ஆகாது. மீனை எண்ணினாலும் கூடையை எண்ணினாலும் லாபம், ரெண்டு, மூணு என்றுதான் போகும். அக்கா ஏலத்தில் கூடை எண்ணி வளர்ந்தவள். பயிற்சி கொடுக்க வந்தவர், "நீங்க எப்பவும் எப்படி எண்ணுவீங்களோ அப்படியே போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மற்ற கரைகளில் பள்ளிக்கூடம் முடித்த பெண்கள் 1 என்று போட்டார்கள். அக்கா எப்போதும் எண்ணுவதுபோலவே எண்ணினாள்.

அந்த வரியை மட்டும் எடுத்து என் கையாலேயே மறுபடி எழுதச் சொன்னேன். இந்த இடத்தில் எண் வேண்டும், வந்திருப்பது சொல், ஏற்க முடியாது என்று தேடுபொறி பதில் சொன்னது. அது அன்றும் இதையேதான் சொல்லியிருக்கிறது. தினமும் சொல்லியிருக்கிறது. கேட்கத்தான் ஆள் இல்லை. கம்பெனி எழுதிய நிரல் பதிவுகளைக் கட்டுக் கட்டாக அனுப்பும். கட்டு வந்து சேர்ந்தது என்று தேடுபொறி முதலில் சொல்லும். அதற்குள் இன்னின்னது ஏறவில்லை என்று பிறகு சொல்லும். மேலாக இருக்கும் மீனை மட்டும் பார்த்துக் கூடையை ஏலம் எடுத்தவன்போல, முதல் வார்த்தையோடு நிரல் திருப்தி அடைந்து போனுக்குப் பச்சை டிக் அனுப்பிவிடும். முதல் படகு திரும்பி வந்ததும் அக்கா மறுபடி தொடுவாள். போனதாகவே இல்லாத படகு எப்படி வந்ததாகும்? அதையும் மறுக்கும். போனதும் இல்லை, வந்ததும் இல்லை. கணக்கு எப்போதும் சரியாக இருந்தது. எங்கள் கரையின் முதல் படகு ஐப்பசியிலிருந்து ஒரு நாள்கூட யார் கண்ணிலும் இல்லை.

சாரிடம் சொல்லாமலே வண்டியை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டினேன். சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்தேன். அக்கா பொய் சொல்லவில்லை. ஊரின் முகத்தில் கரியைப் பூசலாம். ஆனால் வண்டி ஓட்டிக்கொண்டே அழுதேன்.

அக்கா அரிவாள்மனையில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். மாமாவின் போன் சுவரில் சார்ஜில் தொங்கியது. அவள் அதை ஒரு நாளும் அணையவிடவில்லை.

"அக்கா, நீ பதிஞ்சது இருக்குது. கண்ணால பாத்துட்டேன். மாமா அன்னிக்கு முதல்ல போயிருக்காரு."

நியாயமாக அவள் குதித்திருக்க வேண்டும். இத்தனை நாள் ஊரோடு மல்லுக்கு நின்றது அதற்குத்தானே? அவள் கையிலிருந்த மீனை மெதுவாகத் தண்ணீரில் போட்டாள்.

"அப்ப நெசமாவே கடலுக்குதான் போயிட்டாரா?" என்றாள்.

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. ஊரிடம் அவர் கடலுக்குத்தான் போனார் என்று கத்தியவள், வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டதும், மெஷின் சொல்வது உண்மையாக இருக்கட்டும், எங்கேயாவது ஓடிப்போய் உயிரோடு இருக்கட்டும் என்று வேண்டியிருக்கிறாள். அதை நான் அந்த நிமிஷம் வரை யோசிக்கவில்லை. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை எனக்கு.

"ஏன் ஏறல?"

"டிஸ்க்கு நெறஞ்சிடுச்சிக்கா" என்றேன்.

"நெறஞ்சா மத்த படகெல்லாம் எப்படி ஏறிச்சி? இன்னா மறைக்கிற நீ?"

என் அக்காவிடம் பொய் சொல்லி நான் ஜெயித்ததே இல்லை. சொன்னேன். லாபம் என்று இவள் போட்டதை அது எண்ணாக எடுத்துக்கொள்ளவில்லை என்று, எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சொன்னேன். தலையில் அடித்துக்கொள்வாள், மயக்கம் போடுவாள் என்று பயந்து பக்கத்திலேயே குந்தியிருந்தேன்.

அவள் சட்டென்று எழுந்தாள். கையைப் புடவையில் துடைத்தாள்.

"அப்ப இன்னிக்கும் முதல் படகு ஏறலதானே?"

எனக்கு உறைத்தது. மாமாவின் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டு வந்த எனக்கு இந்த ஒன்று தோன்றவில்லை. இன்று காலை முதலில் போனவர் தெருக்கோடி வீட்டுக்காரர். இன்னும் வரவில்லை. வடகிழக்கில் வானம் அடுப்புக்கரியாகக் கிடந்தது. திரையில் அவர் இல்லை.

இரண்டு பேரும் கரைக்கு ஓடினோம். அவர் போனுக்குப் போட்டால் தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. கரையில் மற்ற படகுகளை மேலே இழுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா ஒவ்வொருவரையும் பிடித்து, "அவரு வரலையா? அவரைப் பாத்தீங்களா?" என்று கேட்டாள். புருஷனை நினைத்து மூளை குழம்பிவிட்டது என்று நினைத்தார்கள். ஒருவர், "தங்கச்சி, வூட்டுக்குப் போ" என்றார். நான் அவரைப் பார்த்த பார்வையில் அவர் வலையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். காற்று மணலை வாரி முகத்தில் அடிக்க ஆரம்பித்தது. கோடி வீட்டுக்காரரின் மனைவி விஷயம் தெரிந்து தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். நாங்கள் மூன்று பெண்களும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நான் சாகிறவரை மறக்காத நிற்றல் அது.

அவர் வந்தார். படகு நிறைய நண்டோடு, பீடியைப் பல்லில் கடித்துக்கொண்டு. "இன்னா எல்லாரும் நிக்கிறீங்க? யாருக்கு இன்னா ஆச்சி?" என்றார். அவர் பெண்டாட்டி அவரை அடித்த அடி நண்டுக்கும் கேட்டிருக்கும்.

அமாவாசை அன்று பஞ்சாயத்தில் அந்த வரியைத் திரையோடு கொண்டுபோய்க் காட்டினேன். மூலையிலிருந்து ஒருத்தி, "தன் வாயாலயே புருஷனை இல்லாம பண்ணிட்டாளே" என்று முணுமுணுத்தாள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு குரல் வந்ததோ. "ஊரே லாபம்னுதானே எண்ணுது? நம்ம ஊருக்குப் பண்ண மெஷினுக்கு நம்ம எண்ணம் தெரியலன்னா அது மெஷின் குத்தமா, எங்கக்கா குத்தமா?" என்று கத்தினேன். தலைவர் கையைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். பிறகு, நாளைக்கு யாரும் கடலுக்குப் போகவேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் ஒரு படகும் இறங்கவில்லை. வெறும் கரையில் அக்கா பகல் முழுக்க உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் வளையலை உடைத்தார்கள்.

கோளாறைச் சரிசெய்வது பெரிய காரியமாக இல்லை. லாபம் என்று வந்தால் 1 என்று மாற்றிக்கொள்ளச் சொல்லி ஒரு வரி எழுதினேன். ஏதாவது ஒரு பதிவு மறுக்கப்பட்டால் பச்சைக்குப் பதில் சிவப்பு வரும்படி கம்பெனியோடு சண்டை போட்டு மாற்றவைத்தேன். அக்காவிடம், "இனிமே நீ எப்பவும்போல லாபம்னே போடலாம்" என்றேன்.

"அந்த வார்த்தை இனிமே என் வாய்ல வராது" என்றாள்.

சரி, 1 என்று போடட்டும் என்று விட்டேன். ஆனால் கரையில் அது நடக்கவில்லை. விடியலில் முதலில் வந்தவரிடம் இவள் "ஒண்ணு" என்று சொல்லிப் பதிய, அவர் முகம் மாறிவிட்டது. படகைத் தண்ணீரிலிருந்து திரும்ப இழுத்தார். அடுத்தவர் வந்தார், அவரும் ஒண்ணாக மாட்டேன் என்றார். விடிந்து வெளுத்தும் எங்கள் கரையில் ஒரு படகு இறங்கவில்லை. என்னைப் போய்ச் சமாதானம் பேசச் சொன்னார்கள் சங்கத்தில். நான் போய்ச் சேருவதற்குள் அக்காவே ஒரு வழி செய்துவிட்டிருந்தாள். முதல் பதிவில் மாமாவின் தெப்பத்தின் பெயரைப் போட்டாள். ஆள் ஒன்று, வரிசை 1. பச்சை டிக் வந்ததும் போனைத் தூக்கி எல்லாருக்கும் காட்டி, "ஒண்ணு அவரு. போயிட்டாரு. நீங்கல்லாம் ரெண்டுல இருந்து வாங்க" என்றாள். படகுகள் இறங்கின.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். விடியலில் மாமா முதலில் போகிறார். மற்ற எல்லாரும் திரும்பி வருகிறார்கள். அவர் வந்ததாக அக்கா தொடுவதில்லை. இரவு நான் கணினியை மூடும்போது திரையில், வெளியே உள்ள படகுகள் 1 என்று இருக்கும்.

சில நாள் கழித்துச் சென்னையிலிருந்து சார் கூப்பிட்டார். "உங்க பக்கம் தினமும் ஒரு ரெக்கார்டு க்ளோஸ் ஆகவே மாட்டேங்குதே, பிழையா இருக்கும், பாத்துச் சரி பண்ணுங்க" என்றார். பிழை இல்லை சார், அது இருக்கட்டும் என்றேன். ஏன் என்று கேட்டார். சொல்லவில்லை.

இப்போது ஊருக்கும் அந்த ஒன்று பழகிவிட்டது. காற்று அடிக்கும் நாட்களில் செயலாளர் என் பின்னால் நின்று எண் இறங்குவதைப் பார்க்கிறார். ஒன்றுக்கு வந்ததும், "அப்பாடா, எல்லாம் வந்துட்டாங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகிறார். மீட்புக்காரர்களும் ஒன்று என்றால் போனை வைத்துவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பயம். என்றாவது ஒரு நாள் அக்காவுக்குக் காய்ச்சல் வந்து அந்த முதல் பதிவைப் போடாமல் விட்டால், அன்று நிற்கும் ஒன்று வேறு யாராவதாக இருக்கும். அதனால் எல்லாரும் போன பிறகு, தினமும் அந்த ஒன்றைத் திறந்து பெயரைப் படிக்கிறேன். மாமாவின் பெயராக இருந்தால்தான் வீட்டுக்குப் போகிறேன்.